கோப்புகளை இணைக்கும்போது அட்டவணைகள் ஏன் கலைகின்றன?

மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் பொதுக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. அங்கிருந்து ஆறு மாதம் என்பது சட்டம் கொடுத்திருக்கும் கெடு. அதனால் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று எங்கு பார்த்தாலும் ஏதாவது ஒரு செயலாளர் ஆண்டறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கூட்ட அறிவிப்பை ஒருவர் தட்டச்சு செய்திருப்பார். வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து வரும். பராமரிப்புக் கட்டண நிலுவைப் பட்டியலைப் பொருளாளர் அனுப்புவார். அந்தக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் தனியாகக் குழு வைத்திருந்தால், அதன் நன்கொடைப் பட்டியல் தமிழில் இருக்கும்.

எல்லாம் வேர்ட் கோப்புகள். தனித்தனியே திறந்து பார்த்தால் அட்டவணைகள் ஒழுங்காகவே இருக்கும். ஒரே கோப்பில் சேர்த்ததும் கோளாறு தொடங்கும். நிலுவைப் பட்டியலின் கடைசி நெடுவரிசை தாளுக்கு வெளியே போய்விடும். ஒரு பக்கத்தில் அடங்கிய கணக்கு ஒன்றரைப் பக்கமாக வீங்கும். நன்கொடையாளர் பெயர்களின் மேல்பாதி வெட்டுப்பட்டு நிற்கும். பெரும்பாலோர் அப்போது சுட்டியை எடுத்து, கோடுகளைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறார்கள். ஒரு கோட்டை இழுத்தால் இன்னொரு கோடு நகர்கிறது. மாலை முழுவதும் அதிலேயே கழிகிறது. இழுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் இந்த உழைப்பு பெரும்பாலும் மிச்சம்.

அட்டவணை தன் வடிவத்தில் பெரும்பங்கை இரவலாகத்தான் வாங்கியிருக்கிறது. எவ்வளவு அகலம் விரியலாம் என்பதைப் பக்கத்திடமிருந்து வாங்குகிறது. வரிசையின் உயரம், எழுத்துரு, எழுத்தின் அளவு ஆகியவற்றைப் பத்திகளுக்கான ஸ்டைலிடமிருந்து, அதாவது ஒரு பெயரில் சேமித்து வைத்த தோற்ற அமைப்பிடமிருந்து, வாங்குகிறது. கோடுகளையும் நிழலையும் அட்டவணை ஸ்டைலிடமிருந்து வாங்குகிறது. அது தானாகச் சுமந்து செல்வது நெடுவரிசை அகலங்கள், இணைத்த கட்டங்கள், யாராவது கைப்பட மாற்றிய சில அமைப்புகள், அவ்வளவுதான். வேறு கோப்புக்குள் நுழையும்போது கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் மாறிவிடுகிறார்கள். அதே அட்டவணை, புதுப் பக்கத்திடமும் புது ஸ்டைலிடமும் கேட்டு வாங்கியதை வைத்துத் தன்னை மறுபடி வரைந்துகொள்கிறது. ஆகவே, கலைந்த அட்டவணையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்தக் கோட்டை இழுக்கலாம்’ என்பதல்ல. ‘இது யாரிடம் வாங்கியது மாறியிருக்கிறது’ என்று கேளுங்கள்.

முதலில் பக்கம்

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுதுவதற்கு 15.92 செ.மீ. கிடைக்கும். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் உருவான கோப்பு பெரும்பாலும் லெட்டர் தாளில் இருக்கும். அதன் அகலம் 21.59 செ.மீ., எழுதும் இடம் 16.51 செ.மீ. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. லெட்டர் தாளை நிரப்பிய அட்டவணையை ஏ4 கோப்பில் ஒட்டினால் வலது ஓரத்தை அரை சென்டிமீட்டருக்கு மேல் தாண்டி நிற்கும்.

இதைவிடப் பெரிய சேதம் கிடைவாக்குப் பக்கத்தில் நடக்கிறது. மாதவாரி நிலுவைப் பட்டியலுக்குப் பன்னிரண்டு மாதம், வீட்டு எண், பெயர், மொத்தம் என்று பதினைந்து நெடுவரிசைகள் தேவைப்படும். பொருளாளர் தாளைக் கிடைவாக்கில் திருப்பி, 24.62 செ.மீ. அகலத்தில் அதை அமைத்திருப்பார். நீங்கள் அட்டவணையை மட்டும் நகலெடுத்து நெடுவாக்குப் பக்கத்தில் ஒட்டினால், இருக்கும் இடத்தைவிட 8.7 செ.மீ. அதிகமாக அது நீளும். அதில் 2.54 செ.மீ. ஓரத்துக்குள் போகும், மிச்சம் 6 செ.மீ. தாளிலேயே இருக்காது. டிசம்பருக்குப் பிறகு வரும் மாதங்கள் எல்லாம் காணாமல்போனதாகத் தோன்றும். அவை அழியவில்லை; கோப்புக்குள்தான் இருக்கின்றன.

கிடைவாக்கு என்ற செய்தி அட்டவணையில் எழுதப்பட்டிருக்கவில்லை. வேர்ட் அதைப் பிரிவில் எழுதி வைக்கிறது. ஒரு கோப்பு ஒன்றோ பலவோ பிரிவுகளால் ஆனது. தாளின் அளவு, திசை, ஓரங்கள், தலைப்புப் பட்டை, அடிப்பட்டை எல்லாம் பிரிவுக்கு உரியவை. ஒவ்வொரு பிரிவின் அமைப்பும் அந்தப் பிரிவின் முடிவில் வரும் ‘செக்‌ஷன் பிரேக்’ குறியில் பதிவாகியிருக்கும். கடைசிப் பிரிவுக்கு அப்படியொரு குறி கிடையாது. அதன் அமைப்பு கோப்பின் இறுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பிரிவு மட்டும் உள்ள கோப்பில் அந்த ஒன்றே கடைசிப் பிரிவு. ஆகவே அதை வேறொரு கோப்புக்குள் செருகும்போது எழுத்தும் அட்டவணையும் வந்து சேரும், பக்க அமைப்பு பின்தங்கிவிடும். முழுக் கோப்பையும் சேர்த்துவிட்டேனே, பக்கம் ஏன் நிமிர்ந்துகொண்டது என்று பலரும் குழம்புவது இதனால்தான்.

இதற்கு மருந்து எளிது. சேர்க்கப்போகும் கோப்பைத் திறந்து அதன் இறுதிக்குச் செல்லுங்கள். ‘லேஅவுட்’ பட்டையில் ‘பிரேக்ஸ்’ என்பதன் கீழ் ‘நெக்ஸ்ட் பேஜ்’ வகைப் பிரிவுக் குறியை வைத்துச் சேமியுங்கள். இப்போது பக்க அமைப்புக்கு ஒரு குறி கிடைத்துவிட்டது. கோப்போடு அதுவும் பயணம் செய்யும். பிறகு எல்லாவற்றையும் சேர்க்கும் முதன்மைக் கோப்பில், செருக வேண்டிய இடத்துக்கு முன்னாலும் ஒரு ‘நெக்ஸ்ட் பேஜ்’ குறி வையுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கத்துக் கூட்ட அறிவிப்பும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். பின்னர் ‘இன்சர்ட்’ பட்டையில் ‘ஆப்ஜெக்ட்’ என்பதன் அருகிலுள்ள சிறு அம்பைத் திறந்து, ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ வழியாகக் கோப்பைச் செருகுங்கள். நீண்ட கோப்புகளுக்கு நகலெடுத்து ஒட்டுவதைவிட இந்த வழியையே நான் பரிந்துரைக்கிறேன். இதில் கைதவறி விட்டுப்போவதற்கு எதுவும் இல்லை.

பிரிவுக் குறிகள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் வெளிப்படும். இணைக்கும் வேலை முடியும்வரை அவற்றை மறைக்காதீர்கள். குறி தெரியாததால் அதை வெறும் வெற்றிடம் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழித்தால் அதற்கு முன்னால் இருந்த பக்கங்கள் பின்னால் உள்ள பிரிவின் அமைப்பை ஏற்றுக்கொண்டுவிடும்.

அகலம்

பக்கத்தைச் சரிசெய்த பிறகும் அட்டவணை அதன் அளவுக்கு வரவில்லை என்றால், அது சுமந்து வந்த அகலங்களைப் பார்க்க வேண்டும். இங்கே சற்று ஆழமாகப் போவது நல்லது. 2007ஆம் ஆண்டு வேர்டோடு வந்த டாக்எக்ஸ் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொதி. அதற்குள் ஓர் அட்டவணையின் அகலம் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும்: மொத்த அட்டவணைக்கு ஒன்று, நெடுவரிசைகளின் சட்டகத்துக்கு ஒன்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. ஓர் அங்குலத்தை 1,440 பங்காக்கிய நுண்ணளவிலோ, சதவீதத்திலோ, ‘தானாகப் பார்த்துக்கொள்’ என்றோ அவை இருக்கலாம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெடுவரிசைகளைச் சேர்த்து, அழித்து, கட்டங்களை இணைத்துப் பல கைகள் பட்ட அட்டவணையில் அவை முரண்படத்தான் செய்கின்றன. முரண்பாட்டை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் தீர்த்துக்கொள்வதால்தான் வேர்டில் சரியாகத் தெரிந்தது லிப்ரே ஆபீஸிலோ கூகுள் டாக்ஸிலோ வேறு மாதிரி தெரிகிறது.

அட்டவணைக்குள் எங்காவது சொடுக்கினால் மேலே ‘டேபிள் லேஅவுட்’ பட்டை வரும். அதில் ‘ஆட்டோஃபிட்’ என்பதன் கீழ் மூன்று தேர்வுகள். ‘ஆட்டோஃபிட் கன்டென்ட்ஸ்’ உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப நெடுவரிசைகளை விரிக்கிறது, சுருக்குகிறது. ‘ஆட்டோஃபிட் விண்டோ’ அட்டவணை முழுவதையும் இருபுற ஓரங்களுக்குள் நூறு சதவீதமாகப் பொருத்துகிறது. ‘ஃபிக்ஸ்டு காலம் விட்த்’ இருக்கும் அகலத்தைப் பூட்டுகிறது.

தாளுக்கு வெளியே ஓடிய அட்டவணைக்கு ‘ஆட்டோஃபிட் விண்டோ’ கொடுத்துப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட சிக்கல்கள் அந்த ஒரு சொடுக்கில் தீரும். தீராவிட்டால் கட்டங்களில் தனித்தனியே எழுதப்பட்ட அகலங்கள் தடுக்கின்றன என்று பொருள். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் நெடுவரிசைக்கும் கட்டத்துக்கும் உள்ள ‘ப்ரிஃபர்டு விட்த்’ குறிகளை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பொருந்திய பிறகு ‘ஃபிக்ஸ்டு காலம் விட்த்’ கொடுத்துப் பூட்டிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் பூட்டினால் தவறான அகலம்தான் பூட்டப்படும்.

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும் அமைப்பில் நீளமான ஒரே சொல் ஒரு நெடுவரிசையை ஊதவைத்துவிடும். ஆங்கிலத்தில் இதை மின்னஞ்சல் முகவரிகள் செய்கின்றன. தமிழில் நம் சாதாரணச் சொற்களே செய்கின்றன. ‘பராமரிப்புக்கட்டணநிலுவை’ என்று இடைவெளியில்லாமல் தலைப்பு எழுதினால் அந்த நெடுவரிசை பக்கத்தில் கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும். அதன் கீழே இருப்பதோ நான்கு இலக்க எண். பூட்டிய அட்டவணையில் அதே சொல் எங்கே இடம் போதவில்லையோ அங்கே உடைந்து, அடுத்த வரியில் இரண்டு எழுத்து அநாதையாக நிற்கும். தலைப்புச் சொற்களைப் பிரித்து எழுதுவதே இதற்கு நல்ல வழி. ‘பராமரிப்புக் கட்டண நிலுவை’ என்று மூன்று சொல்லாக எழுதினால் மூன்று வரியில் அழகாக அமரும். தொகையைப் பொறுத்தவரை எதிர்த்திசையில் கவனம் வேண்டும்: ரூபாய்க் குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடுவதானால் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளி விடுங்கள். குறி ஒரு வரியிலும் 1,25,000 அடுத்த வரியிலும் விழாது.

இடது விளிம்பு ஒரு நூலளவு தள்ளி நிற்கும் சிக்கலும் உண்டு. சிறியதுதான், ஆனால் அடுத்தடுத்துள்ள இரண்டு அட்டவணைகள் ஒரே கோட்டில் நிற்காதது கண்ணை உறுத்தும். வேர்ட் 2010 வரை, கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து பக்க ஓரத்தோடு ஒத்துப்போகும்படி அட்டவணை வைக்கப்பட்டது. அதனால் கோடு ஓரத்துக்கு வெளியே 0.19 செ.மீ. துருத்தி நிற்கும். வேர்ட் 2013 முதல் கோடே ஓரத்தோடு ஒத்துப்போகிறது. பழைய கோப்பைத் திறக்கும்போது மேலே ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்று வந்தால் அது பழைய கணக்கில் இருக்கிறது. இணைக்கும் முன் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘கன்வெர்ட்’ என்ற வழியில் எல்லாக் கோப்புகளையும் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உயரம்: அதிகம் ஏமாற்றும் இடம்

நாற்பது வீடுகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தது. இணைத்ததும் அடுத்த பக்கத்துக்கு வழிகிறது. எழுத்தின் அளவு மாறியதாகத் தெரியவில்லை. வரிசை உயரத்தைக் கையால் குறைக்கப் பார்த்தால் குறைய மறுக்கிறது. இங்கே கடன் கொடுத்தவர் பத்தி ஸ்டைல்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறைந்தது ஒரு பத்தி இருக்கிறது. பத்திக்குப் பின்னால் இடைவெளி விடும் வழக்கம் வேர்டின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. வேர்ட் 2003இல் இடைவெளியே இல்லை. 2007இலும் 2010இலும் ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 10 புள்ளி, வரி இடைவெளி 1.15. 2013இல் இது 8 புள்ளி, 1.08 என்று ஆனது. ஓர் அங்குலம் 72 புள்ளி. நாற்பது வரிசைகளில் ஒவ்வொன்றிலும் 8 புள்ளி புகுந்தால் 320 புள்ளி, அதாவது 11 செ.மீ.க்கும் மேல். ஏ4 பக்கத்தில் எழுதும் உயரமே 24.62 செ.மீ.தான். அட்டவணை ஏன் வழிகிறது என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

அப்படியானால் புதிய வேர்டில் நாம் போடும் அட்டவணைகள் ஏன் வீங்குவதில்லை? வேர்ட் ஓர் அடுக்கு முறையைப் பின்பற்றுகிறது. அடியில் கோப்பின் பொது இயல்பு. அதன் மேல் அட்டவணை ஸ்டைல். அதற்கும் மேல் பத்தி ஸ்டைல். உச்சியில் கைப்படச் செய்த மாற்றம். மேலே இருப்பது கீழே இருப்பதை வெல்லும். புதிய கோப்பில் 8 புள்ளி என்பது அடியிலுள்ள பொது இயல்பில் இருக்கிறது. வழக்கமான அட்டவணை ஸ்டைல் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. ஆனால் முதன்மைக் கோப்பை உருவாக்கியவர் ‘நார்மல்’ என்ற பத்தி ஸ்டைலையே திருத்தி, அதில் 6 புள்ளியோ 12 புள்ளியோ எழுதி வைத்திருந்தால், அது அட்டவணை ஸ்டைலுக்கு மேலே அமர்ந்துவிடும். வந்து சேரும் ஒவ்வொரு அட்டவணையும் அந்த இடைவெளியை வாங்கிக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு ஸ்டைல் ஒரு கோப்பில் இருக்க முடியாது. இரண்டு ‘நார்மல்’ சந்தித்தால் விருந்தாளியின் வரையறை போய் வீட்டுக்காரரின் வரையறை நிற்கும்.

இதற்கு நான் உறுதியாகச் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: அட்டவணைக்குள் ‘நார்மல்’ ஸ்டைலைப் பயன்படுத்தாதீர்கள். முதன்மைக் கோப்பில் ‘அட்டவணை எழுத்து’ என்று ஒரு புதிய பத்தி ஸ்டைல் உருவாக்குங்கள். ‘ஸ்டைல் பேஸ்டு ஆன்’ என்ற இடத்தில் ‘நோ ஸ்டைல்’ கொடுங்கள். அப்போது ‘நார்மல்’ என்ன மாறினாலும் இது மாறாது. முன்னும் பின்னும் இடைவெளி பூஜ்யம், வரி இடைவெளி ஒன்று, எழுத்துருவும் அளவும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கட்டும். தலைப்பு வரிசைக்குத் தடித்த எழுத்தில் இன்னொன்று, தொகைகளுக்கு வலப்புறம் ஒட்டிய இன்னொன்று. செருகிய அட்டவணை ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் க்யூவும் அழுத்திக் கைப்படச் செய்த பத்தி மாற்றங்களைத் துடைத்துவிட்டு, இந்த ஸ்டைலைக் கொடுங்கள். அறிக்கை முழுவதிலும் அட்டவணைகள் ஒரே கையால் எழுதியதுபோல் ஆகிவிடும். அடுத்த ஆண்டுக்கும் இதே கோப்பு உதவும்.

எழுத்துரு விஷயத்தில் தமிழ் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. வேர்ட் ஒவ்வொரு ஸ்டைலிலும் எழுத்துருவை ஓர் இடத்தில் மட்டும் எழுதுவதில்லை. ரோமன் எழுத்துகளுக்கு ஒன்று. தமிழ், தேவநாகரி போன்ற எழுத்துகளுக்குத் தனியாக இன்னொன்று. ‘ஃபான்ட்’ பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று வருவது அந்த இரண்டாவது இடம். எழுத்தின் அளவும் அப்படியே இரண்டாக இருக்கிறது. தமிழுக்கும் மராத்திக்கும் சேர்த்து அந்த ஓர் இடம்தான். மராத்தியில் அறிவிப்பு எழுதிய அண்டை வீட்டுக்காரரின் கோப்பில் அங்கே மங்கள் எழுத்துரு இருக்கும். அதற்குள் உங்கள் தமிழ்ப் பட்டியலைச் செருகினால், தமிழ் எழுத்தும் மங்களைத் தேடிப் போகும். அதில் தமிழ் கிடையாது. கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை, லதாவையோ நிர்மலா யூஐயையோ, தானாகப் பிடித்துப் போடும். அகலமும் உயரமும் மாறும், வரிகள் உடையும் இடமும் மாறும். ஆங்கில எழுத்துரு கலிப்ரிதானே, ஒன்றும் மாறவில்லையே என்று தேடிக்கொண்டிருப்போம். ‘அட்டவணை எழுத்து’ ஸ்டைலை உருவாக்கும்போது இந்த இரண்டாவது இடத்திலும் எழுத்துருவையும் அளவையும் நிரப்புவதை மறக்காதீர்கள். தமிழும் மராத்தியும் ஒரே அறிக்கையில் வருமானால் இரண்டுக்கும் தனித்தனி ஸ்டைல் வைத்துக்கொள்வதே நிம்மதி.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல் வந்தால், அட்டவணையைத் தொடுவதற்கு முன் அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துகள் உள்ளுக்குள் ரோமன் எழுத்துகளே; எழுத்துருவின் பெயர் மாறிய கணத்தில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகிவிடும்.

எழுத்தின் மேல்பாதி வெட்டுப்படுவது வேறு காரணத்தால். வரிசை உயரம் ‘எக்ஸாக்ட்லி’ என்று குறிப்பிடப்பட்டிருந்தால், உள்ளே என்ன வந்தாலும் வரிசை வளராது. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த உயரத்தில் ‘ணீ’, ‘றீ’ போன்ற எழுத்துகளின் மேற்சுழி நுழையாது. வரிசை உயரத்தை ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றுங்கள். அல்லது உயரக் குறியையே நீக்குங்கள். இதே ‘எக்ஸாக்ட்லி’ பத்தியின் வரி இடைவெளியிலும் ஒளிந்திருக்கலாம், இரண்டையும் பாருங்கள். மனிதர்களின் பெயர்கள் வெட்டுப்பட்டு அச்சாவது வெறும் அழகுக் குறைவு அல்ல. நன்கொடை கொடுத்தவர் தன் பெயரைத் தேடித்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்.

நகரும் அட்டவணை, ஒட்டிக்கொள்ளும் அட்டவணை

சில அட்டவணைகள் செருகிய இடத்தில் நிற்காமல் வேறு பக்கத்துக்குத் தாவும். அல்லது எழுத்தின் மேல் ஏறி அமரும். யாரோ அதைச் சுட்டியால் இழுத்து நகர்த்தியபோது வேர்ட் அதை மிதக்கும் அட்டவணை ஆக்கியிருக்கிறது. ‘டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘டெக்ஸ்ட் ராப்பிங்’ என்பது ‘அரவுண்ட்’ என்றிருக்கும். அதை ‘நன்’ ஆக்குங்கள். அறிக்கைகளில் மிதக்கும் அட்டவணைக்கு எந்தத் தேவையும் இல்லை என்பது என் கருத்து. மிதக்கும் அட்டவணையில் தலைப்பு வரிசை அடுத்தடுத்த பக்கங்களில் திரும்ப வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ கொடுத்தும் பலனில்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணைக்கு முன்னால் அரைப்பக்கம் காலியாகக் கிடந்தால், அதன் பத்திகளில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வரிசைகளும் அடுத்த வரிசையை விட்டுப் பிரியமாட்டேன் என்று நின்றால், அட்டவணை முழுவதும் சேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தலைப்பு வரிசைக்கும் முதல் வரிசைக்கும் மட்டும் அது போதும்.

இரண்டு கோப்புகளின் அட்டவணைகள் நடுவில் ஒரு வெற்றுப் பத்திகூட இல்லாமல் சந்தித்தால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே அட்டவணை ஆகும். இரண்டாவதன் முதல் வரிசையில் நின்று கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் அழுத்தினால் பிரிந்துவிடும். தானாக இடப்பட்ட வரிசை எண்களும் இப்படி ஒட்டிக்கொள்ளும்: முதல் பட்டியல் 40இல் முடிந்தால் அடுத்தது 41இல் தொடங்கும். எண்ணின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘ரீஸ்டார்ட் அட் 1’ கொடுங்கள்.

அட்டவணையை மட்டும் நகலெடுத்து ஒட்டுகிறீர்கள் என்றால், ஒட்டியவுடன் கீழே தோன்றும் சிறு பெட்டியைக் கவனியுங்கள். ‘கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்’ பழைய தோற்றத்தைக் கைப்பட்ட மாற்றங்களாகச் சுமந்துகொண்டு வரும். ‘யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்’ புதிய கோப்பின் வழக்கத்தை ஏற்கும். பலரும் முதலாவதைப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். ஐந்து பேரின் கோப்புகளைச் சேர்க்கும் அறிக்கைக்கு இரண்டாவதே நல்லது. ஏனெனில் முதலாவது ஐந்து விதமான தோற்றங்களையும் கைப்பட்ட மாற்றங்களாக உள்ளே ஏற்றிவிடும், பிறகு ஸ்டைல் கொடுத்தாலும் அவை எளிதில் அசையாது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தத்துவம் இதே, பெயர்கள்தான் வேறு. அங்கே பக்க அமைப்பு பிரிவில் இல்லாமல் பக்க ஸ்டைலில் இருக்கிறது. ஆகவே கிடைவாக்குப் பக்கத்துக்குத் தனிப் பெயருள்ள பக்க ஸ்டைல் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘அலைன்மென்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் அது ஓரத்துக்கு ஓரம் பொருந்தும்.

எல்லாம் சரியானதும் பிடிஎஃப் ஆக்கி, அதையே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பைப் பென்டிரைவில் கொடுத்தால் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்க வேண்டும் என்ற உறுதி இல்லை. இல்லாவிட்டால் அது வேறொன்றைப் போட்டு, நீங்கள் பொருத்தி வைத்த அகலத்தையும் உயரத்தையும் மறுபடி கலைக்கும்.

இத்தனைக்கும் அடங்காத அட்டவணை ஒன்று எப்போதாவது வரும். பல ஆண்டுகளாக நகலெடுத்து நகலெடுத்துப் பயன்படுத்திய கணக்குப் படிவங்கள் பெரும்பாலும் இந்த வகை. கட்டத்துக்குள் அட்டவணை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காக இருக்கும். அதைத் திருத்த முயல்வதைவிடக் கலைத்துக் கட்டுவது விரைவு. முதலில் இணைத்த கட்டங்களைப் பிரியுங்கள். ஒரே கட்டத்துக்குள் என்டர் அடித்துப் பல பத்திகள் எழுதப்பட்டிருந்தால், அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ‘ஸ்பெஷல்’ பட்டியலிலிருந்து ‘பாராகிராஃப் மார்க்’ எடுத்து, வேறெங்கும் வராத ஏதாவது ஒரு குறியாக மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு பத்தியும் தனி வரிசையாகிவிடும். பிறகு ‘டேபிள் லேஅவுட்’ பட்டையில் ‘கன்வெர்ட் டு டெக்ஸ்ட்’ கொடுத்து, பிரிக்கும் குறியாக ‘டேப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணை போய், டேப்களால் பிரிந்த வெறும் வரிகள் நிற்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து ‘இன்சர்ட்’, ‘டேபிள்’, ‘கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்’ என்று போனால் அதே தகவலோடு புதிய அட்டவணை கிடைக்கும். பழைய அகலங்கள் எதுவும் அதில் இருக்காது. ‘அட்டவணை எழுத்து’ ஸ்டைலைக் கொடுத்து, மாற்றி வைத்த குறியைத் திரும்பப் பத்திக் குறியாக்கி, மொத்தத் தொகையை மூலக் கோப்போடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். கட்டங்களைப் பிரித்தபோது ஏதாவது ஓர் எண் பக்கத்து நெடுவரிசைக்கு நகர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.